பற்றன்று, பூட்டே!

வணிகவியல் பாடநூல்களிலும் விற்பனைப் பயிற்சிக் கூடங்களிலும் இந்நாளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்றொடர் ‘வாடிக்கையாளர் விசுவாசம்’ என்பதாகும். ஒரு நிறுவனத்தை விட்டு அகலாது பல்லாண்டு பணம் செலுத்துவோர் யாவரும் அதன்பால் பற்றுடையோர் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். விலக வழியிருந்தும் விலகாது நிற்பதே பற்று. விலக இயலாமையால் நிற்பது பற்றன்று. இவ்வேறுபாட்டை உணர்த்தாத கல்வி, சொல்லைக் கற்பித்துப் பொருளைக் கைவிட்ட கல்வியே ஆகும்.

இணையச் சேவையின் தொடக்கக் காலத்தைச் சான்றாகக் கொள்வோம். 1990களில் அமெரிக்க நாட்டில் கம்ப்யூசர்வ், பிராடிஜி, அமெரிக்கா ஆன்லைன் ஆகிய மூன்று நிறுவனங்களும் தொலைபேசிக் கம்பி வழியே இணைப்பு வழங்கிக் கடும் போட்டியில் இறங்கின. போட்டியால் பொதுமக்கள் நலம் பெறுவர் என்பர் பொருளியலார். அஃது ஓரளவு மெய்யாயிற்று. மணிக்கணக்கில் கட்டணம் பெற்று வந்த அமெரிக்கா ஆன்லைன், 1996 டிசம்பர் முதல் மாதம் 19.95 டாலருக்கு வரம்பற்ற சேவை அளித்தது. மக்கள் திரண்டனர், இணைப்புகளோ போதவில்லை. முயன்று முயன்று சலித்தவர் பலர். 1997 ஜனவரியில் பல மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்ட பின்னரே பணத்தைத் திருப்பித்தர அந்நிறுவனம் இசைந்தது.

இத்துணை இன்னலுற்றும் பலர் வெளியேறாதது ஏன்? பற்று என்பர் விற்பனையாளர். மின்னஞ்சல் முகவரி என்போம் நாம். முகவரி நிறுவனத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தை விட்டால் முகவரியும் போகும். உற்றார், நண்பர், அலுவலகம் என அனைவர்க்கும் புதிய முகவரியை அறிவித்தாக வேண்டும். வீடு மாறுவோர் தம் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை ஒத்த கொடுமையன்றோ அது!

நுழைவாயிலை அகலமாக்கியோர் வெளிவாயிலைக் குறுக்கினர். இலவசச் சோதனைக் காலம் என அழைத்துப் பின்னர் எதிர்பாராத கட்டணம் விதித்ததாக அம்மூன்று நிறுவனங்கள் மீதும் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 1997இல் உடன்பாடு கண்டது. 2005இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணை மற்றொன்றை வெளிப்படுத்தியது. சேவையை நிறுத்தக் கோரி அழைப்போரைப் போகவிடாது தடுத்த ஊழியர்க்கு அமெரிக்கா ஆன்லைன் ஊக்கத்தொகை வழங்கி வந்தது! முடிவில் 12.5 இலட்சம் டாலர் செலுத்தவும் அம்முறையைத் திருத்தவும் அஃது ஒப்புக்கொண்டது. விசுவாசம் உள்ளவரைப் பிடித்து வைக்கக் காவலர் எதற்கு?

2006 ஆகஸ்டில், வேறு நிறுவனத்திடம் அகலக்கற்றை இணைப்புப் பெற்றோரும் தம் பழைய முகவரியை இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என அந்நிறுவனமே அறிவித்தது. பூட்டுத் திறந்தது. 2002இல் இரண்டரைக் கோடிக்கு மேலிருந்து, பின்னர்க் குறைந்து வந்த சந்தாதாரர் தொகை மேலும் விரைந்து கரைந்தது. 2025 செப்டம்பர் 30இல் அத்தொலைபேசிவழிச் சேவையே முடிவுற்றது.

விரைவான இணைப்பு வந்ததே இச்சரிவுக்குக் காரணம், வேறொன்றுமில்லை என வாதிடுவாரும் உளர். அவ்வாதம் நம் கூற்றுக்கே வலுவூட்டுகிறது. சிறந்தது கிட்டியதும் சென்றோர், அதுவரை பற்றினால் நின்றிலர் என்பது தெளிவன்றோ? போட்டியாளர் எத்தனை பேர் என எண்ணுவது மட்டும் போதாது. ஒருவரை விட்டு மற்றொருவரிடம் செல்வோன் எதையெதை இழக்க நேரும் என்றும் கேட்க வேண்டும். அவ்விழப்பு மிகுதியாயின், பத்து நிறுவனங்கள் இருந்தும் பயனில்லை.

ஆசிரியப் பெருமக்களே! தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் நமக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு அனுப்பும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. நம் வெளிவாயில் திறந்தே கிடக்கிறது. அவ்வாறிருந்தும் நம்மை நாடி வருகின்றனரே, அதுவே மெய்யான பற்று. அதனை மொழிக்கடன் என அச்சுறுத்திப் பெற முயல்வோமாயின், நாமும் பூட்டுத் தொழில் புரிந்தவராவோம். கற்பித்தலின் தரமே நம் பள்ளிகளைக் காக்கட்டும். பற்று என்னும் சொல்லின் பெருமையை மாணவர் உணர வேண்டுமாயின், முதலில் நாம் அதற்குத் தகுதியுடையோர் ஆவோம்.