கொண்டையை நம்பாதீர்கள், அலகைப் பாருங்கள்



ரப்பர் மரக் கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவீர்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும் செடி அது. அதைப் போன்ற ஒரு புல்லுருவியை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை ஒன்றை இம்முறை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

அதன் ஊர் வெகு தூரம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனம். பறவையின் பெயர் பைனோபெப்லா. கிரேக்க மொழியில் 'மின்னும் ஆடை' என்று பொருள். ஆண் பறவை பளபளக்கும் கறுப்பு, தலையில் கொண்டை, கண் சிவப்பு. பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். நம் நாட்டில் கூண்டில் வளர்க்கிறார்களே, மெர்பா ஜம்புல், ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும்.

ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. சிக்கல் பெண் பறவையிடம்தான். அது வெறும் சாம்பல் நிறம். அதே பாலைவனத்தில் சாம்பல் நிறமும் கொண்டையும் உள்ள பிர்ருலாக்சியா என்ற பறவையும் உண்டு. கார்டினல் இனத்துப் பெண் பறவைக்கும் கொண்டை உண்டு, நிறம் பழுப்பு. குளிர்காலத்தில் கூட்டமாக வந்திறங்கும் வேக்ஸ்விங் பறவைக்கும் கொண்டை உண்டு. கொண்டை இல்லாத மாக்கிங்பேர்டு கூட, சிறகு வெள்ளையைக் காட்டிப் பறக்கையில் நம்மை ஏமாற்றிவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அலகைப் பாருங்கள். ஒருவர் கையில் உளி இருந்தால் பால் வெட்டுபவர் என்றும், நீண்ட கழியில் கட்டிய அரிவாள் இருந்தால் செம்பனைக் குலை வெட்டுபவர் என்றும் சொல்லிவிடுகிறோம் அல்லவா? பறவைக்கு அலகுதான் ஆயுதம். பிர்ருலாக்சியாவுக்குக் கிளி மூக்குப் போல வளைந்த, தடித்த மஞ்சள் அலகு. கார்டினலுக்குத் தடித்த செம்மஞ்சள் அலகு. இரண்டும் விதை உடைக்க ஏற்றவை. பைனோபெப்லாவின் அலகோ மெல்லியது, கறுப்பு; பழம் பறிக்கவும் பூச்சி பிடிக்கவும் போதும். வேக்ஸ்விங்குக்கும் சிறிய அலகுதான். ஆனால் அதன் வால் நுனி மஞ்சள். மாக்கிங்பேர்டுக்கு வால் ஓரம் வெள்ளை. பைனோபெப்லாவின் வாலில் இவை இரண்டும் இல்லை.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. புல்லுருவிப் பழம் நிறைந்த காலத்தில் பைனோபெப்லா ஒரு நாளைக்கு 1,000 பழங்களுக்கு மேல் தின்னும். பழச்சாறே போதும், தண்ணீர் குடிப்பது அரிது. அதன் எச்சத்தில் வரும் விதைகள் கிளையில் ஒட்டி மீண்டும் முளைக்கும். தன் உணவைத் தானே நட்டு வைக்கும் பறவை அது. மரத்தைக் காக்க நினைத்து, ஓரிடத்துப் புல்லுருவி முழுவதையும் வெட்டிவிட்டால், அந்தக் குளிர்காலத்தில் அதற்கு அங்கே பிழைப்பில்லை. விதை தின்னும் பிர்ருலாக்சியாவுக்கோ இதனால் பெரிய நட்டமில்லை. சாம்பல் நிறப் பெண்ணை பிர்ருலாக்சியா என்று எண்ணிவிட்டவர், யாருடைய சோற்றில் கை வைக்கிறோம் என்று தெரியாமலேயே கத்தியை எடுப்பார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்து வேலியில் வந்து உட்காரும் பறவையைப் பிள்ளைகளோடு பாருங்கள். அலகு தடித்ததா, மெல்லியதா? வால் நுனி என்ன நிறம்? எதைத் தின்கிறது? இந்த மூன்றையும் எழுதி வைத்த பிறகே பெயரைக் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.