ஓடுற லேப்டாப்பை ஏன் குப்பையில போடணும்?



விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கன்னு உங்க திரையிலயும் ஒரு அறிவிப்பு வந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையோட பில்லிங் மேசையில, ஆவடி ஜெராக்ஸ் கடையில, பூந்தமல்லி டியூஷன் சென்டர்ல எல்லா இடத்துலயும் இப்போ ஒரே கேள்வி: மாத்தணுமா, வேணாமா?

நம்ம பதில் இதுதான். மாற முடிஞ்சவங்க மாறுங்க. முடியாதவங்க மெஷினைத் தூக்கி எறியாதீங்க, அப்படியே விட்டும் வைக்காதீங்க. ஆனா ரெண்டு தரப்பும் சேர்ந்து அரசைக் கேள்வி கேளுங்க.

என்ன நடந்துச்சு? 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இலவசம்தான். ஆனா அதுக்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேணும். இன்டெல் பிராசஸர்னா, கிட்டத்தட்ட எல்லாமே 8-ஆம் தலைமுறைக்கு மேல இருக்கணும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான்.

அப்போ யார் தலையில விழுது இது? தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். அந்த முதல் சில வருஷங்கள்ல பிளஸ் டூ பிள்ளைங்க வாங்கின லேப்டாப், இன்னிக்கும் எத்தனையோ வீட்டுல தம்பி தங்கச்சி டைப்பிங் பழக உதவுது. அதுல விண்டோஸ் 11 முறைப்படி ஏறவே ஏறாது. வசதி இருக்கறவன் புதுசு வாங்கிடுவான். இல்லாதவன் என்ன பண்ணுவான்?

"பழசே போதும், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிவச்சது ஞாபகம் இருக்கா? அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே வந்துடுச்சு. போடாதவங்கதான் மாட்டினாங்க. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் முடங்கின. நம்ம ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதா அப்போ செய்தி வந்தது. 2018 ஆகஸ்ட்ல அதே வைரஸோட இன்னொரு வடிவம் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளையே நிறுத்திப் போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, ஒரே கம்ப்யூட்டர்ல ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, கஸ்டமர் டிராயிங் எல்லாத்தையும் வச்சிருக்கற நம்ம பட்டறைக்காரர் கதி?

அதனால கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. மெஷின் தகுதியானதா? மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி சொல்லிடும். தகுதி இருந்தா, முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு மாறிடுங்க. மாறும் முன்னாடி பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டேலி, பழைய தமிழ் எழுத்துரு எல்லாம் 11-ல ஓடுமான்னு கேட்டு வச்சுக்கோங்க. பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

2. தகுதி இல்லையா? யூடியூப் பார்த்து குறுக்கு வழியில 11 ஏத்தாதீங்க. அப்படி ஏத்தினா அப்டேட் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் இருக்கு. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸை பேக்கப் பண்ணினா இலவசம், இல்லைன்னா 30 டாலர்.

3. பிரவுசர், கடிதம், டைப்பிங், பாடம் மட்டும்தானா? லினக்ஸுக்கு மாறுங்க. தமிழ் 99 விசைப்பலகை இருக்கு, லிப்ரே ஆபீஸ் இருக்கு, காசு கிடையாது. டேலியை நம்பி இருக்கற கடைக்கு மட்டும் இது சரிப்படாது, அதையும் மறைக்காம சொல்லிடுறோம்.

4. மெஷின் ஓட்டுறதுக்கு மட்டும் வச்சிருக்கற பழைய கம்ப்யூட்டரா? இன்டர்நெட் கேபிளைக் கழட்டிடுங்க. கண்ட பென் டிரைவையும் சொருகாதீங்க.

இது வரைக்கும் நாம செய்ய வேண்டியது. இனி அரசு செய்ய வேண்டியது.

ஐரோப்பிய நாடுகள்ல நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்தாங்க. விளைவு? அந்த மக்களுக்கு மட்டும் பேக்கப் நிபந்தனையும் இல்லாம, காசும் இல்லாம ஒரு வருஷ அப்டேட். அதே மென்பொருள், அதே ஓட்டை, அதே ஒட்டு. அங்க சலுகை, இங்க நிபந்தனை. நிறுவனங்களுக்கோ முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. மூணு வருஷத்துக்கு 427 டாலர்! அஞ்சு கம்ப்யூட்டர் வச்சிருக்கற சின்ன யூனிட், லேத் மெஷினுக்கு வட்டி கட்டுமா, இதைக் கட்டுமா?

ஒன்றிய அரசால கேட்க முடியாதா? முடியும். 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்துல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 ஜனவரியில கூகுள் இந்தியாவுக்குன்னு விதிகளை மாத்தியது. அதே 2022 டிசம்பர்ல 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு இணையதளம் தொடங்கினாங்களே, உடையாத கம்ப்யூட்டரை ஒரு தேதி வச்சு செல்லாக்காசு ஆக்கினா அந்த உரிமை எங்க போச்சு?

மாநில அரசுக்கும் கேள்வி இருக்கு. பாஸ் லினக்ஸ் உருவானது நம்ம சென்னை சி-டாக்ல, 2007-ல முதல் பதிப்பு. அதே காலத்துல உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ அந்த நிறுவனமே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. பக்கத்துல கேரளா அரசுப் பள்ளிகளை லினக்ஸ்ல நடத்துது. வழி காட்டின நாம பாதியில ஏன் நின்னோம்? 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினின்னு 2025 பட்ஜெட்ல அறிவிச்சீங்க, வரவேற்கிறோம். ஏற்கெனவே கொடுத்ததை உயிரோட வச்சிருக்கற திட்டம் எங்க?

நம்ம கோரிக்கை மூணு:

▪ ஐரோப்பாவுக்குக் கொடுத்த பேக்கப் நிபந்தனையில்லா இலவச அப்டேட் இந்தியாவுக்கும் வேண்டும். சிறு தொழில்களுக்கும் சேர்த்து.

▪ பழைய அரசு லேப்டாப்களுக்கு அரசுப் பள்ளி, நூலகங்கள்ல இலவச லினக்ஸ் முகாம் வேண்டும்.

▪ அரசுப் பணத்துல வாங்குற ஒவ்வொரு கணினிக்கும் எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு டெண்டர்லயே எழுத வேண்டும்.

விண்டோஸ் மாறுறது நம்ம விருப்பமா இருக்கட்டும், அவங்க மிரட்டலா இருக்கக் கூடாது. இன்னிக்கு ராத்திரி ஃபைல்களை பேக்கப் எடுங்க. நாளைக்கு இந்தக் கோரிக்கையை உங்க தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. பக்கத்துல பதிவு பண்ணுங்க.

படிச்சதோட நிறுத்தாம, எஸ்டேட் வாட்ஸ்அப் குழுக்கள்ல பகிருங்கள் தோழர்களே!

#ஓடுறதைஎறியாதே #எங்களுக்கும்இலவசஅப்டேட்

— தகவல் தொழில்நுட்ப அணி, அம்பத்தூர் · ஆவடி · பூந்தமல்லி