கல்வராயன் மலைக்கு ரத்தம் ஏறி வர வேண்டும்

கல்வராயன் மலையில் பிரசவிக்கும் பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டால் அது மலையிலேயே கிடைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ரத்தம் கொடுங்கள் என்று அவருடைய உறவினர்களிடம் யாரும் கேட்கக் கூடாது. ஏற்றப்படும் ஒவ்வொரு பை ரத்தமும் உரிமம் பெற்ற ரத்த மையத்தில் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தன்னார்வ ரத்ததான முகாம்களில் ஈடுபட்டுள்ள எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. இம்மூன்றில் எதை விட்டுக்கொடுத்தாலும் மற்ற இரண்டும் நிற்காது என்று நம்புகிறோம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் சிறுவங்கூரில் அமைந்தது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்த மருத்துவமனை சமவெளியில் இருக்கிறது. மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து வளைவுகளில் இறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கோ தார்ச்சாலையை எட்டுவதே ஒரு பயணம். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் உயிர்களைச் சூறையாடிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. சாலைகள் வரட்டும், வர வேண்டும். அதுவரை ரத்தம் கீழேயே காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் மருத்துவர்கள் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். போக்கு நிற்காவிட்டால் நல்ல உடல்நிலையில் இருந்த பெண்ணும் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். ஏற்கெனவே ரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது. 108 வண்டி மேலே ஏறி வந்து, அவரை ஏற்றிக்கொண்டு இறங்கி, குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் செய்து ரத்தம் ஏற்றும் வரைக்குமான நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் கவலை முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில் ரத்தத்துக்காக நிற்பவரிடம், "ஆள் கூட்டிக்கிட்டு வாங்க, பதிலுக்குக் கொடுத்தாத்தான் உண்டு" என்று சொல்லும் பழக்கம் நாட்டில் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. மலை மக்களிடம் இதைச் சொல்வது கொடுமை. யாரைக் கூட்டி வருவார்கள்? இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி ஆண்களில் கணிசமானவர்கள் ஆண்டில் பல மாதம் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்காகக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது மாமியாரும் நாத்தனாரும். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சமவெளிப் பெண்களையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. கூட வந்த பெண்கள் கொடுக்க முன்வந்தாலும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

பதில் ரத்தம் கேட்பதில் இன்னொரு கேடும் உண்டு. அண்ணிக்காக, தங்கைக்காக என்று நிர்ப்பந்தத்தில் நாற்காலியில் உட்காருகிறவர், தன் உடல்நிலை பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லத் தயங்குவார். உறவு கிடைக்காதவர் கடைசியில் காசு கொடுத்து ஆள் பிடிப்பார். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் ஒழிக்க ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. 2002இன் தேசிய ரத்தக் கொள்கை, பதில் ரத்த முறையையும் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இந்த மாவட்டத்தில் மலையிலிருந்து வரும் எந்த நோயாளியிடமும் எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, பதில் ரத்தம் கேட்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும் என்று கோருகிறோம். அந்த ஈட்டை முகாம்கள் வழியாக நிரப்பும் பொறுப்பு எங்களைப் போன்ற அமைப்புகளுடையது.

இனி, மலையில் ரத்தம் என்பதற்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். ரத்த மையம் முழுவதையும் மேலே கட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது நடக்காது, தேவையும் இல்லை. ரத்தச் சேமிப்பு மையம் என்ற ஏற்பாட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் செலவாகாத ஆரம்ப சுகாதார நிலையமோ சமுதாய நல மையமோ, உரிமம் பெற்ற தாய் ரத்த மையம் ஒன்றிலிருந்து பரிசோதித்த ரத்தத்தை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். தனி உரிமம் தேவையில்லை. ஒப்புதல் போதும், அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கேட்கப்படும் இடம் 10 சதுர மீட்டர், ஒரு சின்ன அறை. மலையில் பிரசவம் அதிகம் நடக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தேர்ந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாய் மையமாக வைத்து, இரவும் பகலும் இயங்கும் சேமிப்பு மையமாக அதை நடத்த வேண்டும்.

இரவும் பகலும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ரத்தம் வைக்கும் குளிர்ப்பெட்டியை வைத்துத் திறப்பு விழா நடத்துவது எளிது. அந்தப் பெட்டி வருடம் முழுக்க 2 முதல் 6 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்து மலை இருண்டு கிடக்கும் இரவிலும் நிற்க வேண்டும். ஜெனரேட்டரும் டீசலும், முடிந்தால் சூரிய மின்சாரமும் இல்லாமல் அது முடியாது. வெப்பநிலைப் பதிவேட்டை ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பார்த்து எழுத வேண்டும். மாத முடிவில் மொத்தமாக எழுதி நிரப்பிய பதிவேட்டால் ஒரு பயனும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த பை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. சிவப்பணுப் பை, சேர்க்கப்படும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். மலையில் தேவை குறைவு என்பதால் பைகள் தேங்கி வீணாகும் என்று அதிகாரிகள் அஞ்சுவது நியாயமே. அதற்கும் வழி உண்டு. பாதிக் காலம் கழிந்த பைகளைக் கீழே மருத்துவக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே இரண்டொரு நாளில் பயன்பட்டுவிடும். புதிய பைகள் மேலே வரும். வாரம் ஒரு முறை குளிர்ப்பெட்டியோடு ஒரு வண்டி ஏறி இறங்கினால் போதும்.

கடினமானது ஆள்தான். குரூப் பார்க்கவும் கிராஸ் மேட்ச் செய்யவும் தெரிந்த லேப் டெக்னீஷியன் நள்ளிரவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். சமவெளியிலிருந்து பணியமர்த்தப்படுகிறவர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு போவதைக் குற்றமாகச் சொல்ல மாட்டோம். குடும்பம் கீழே இருக்கிறது. மலைக்கு மேற்கே தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் தொடங்கிய பழங்குடி நல மருத்துவமனை இதற்கு விடை காட்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து அந்த மருத்துவமனை வளர்ந்தது. கல்வராயன் மலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை அரசுச் செலவில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்து, அதே மலையில் வேலை கொடுங்கள். அவர்கள் மாறுதல் கேட்டு அலைய மாட்டார்கள்.

சேமிப்பு மையமெல்லாம் எதற்கு, அவசரத்தில் குரூப் பொருந்தும் ஒருவரிடம் எடுத்து உடனே ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிராமப்புற அறுவை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்த அனுமதியைக் கோரி வருகிறார்கள். உயிர் கையைவிட்டுப் போவதை நேரில் பார்த்தவர்களின் வாதம் அது, மதிக்கிறோம். ஆயினும் கல்வராயனுக்கு அதை நாங்கள் கேட்க மாட்டோம். காரணம் இது: 2018 இறுதியில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உரிமம் பெற்ற அரசு ரத்த வங்கியின் வழியாகவே வந்த ரத்தம். அதைக் கொடுத்த இளைஞர் 2016இலும் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தெரிந்த தொற்று அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. வேறு இடத்தில் நடந்த பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் அவரே ஓடி வந்து சொன்னார், அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. பின்னர் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் குழந்தை தொற்றின்றிப் பிறந்தது ஒன்றுதான் ஆறுதல்.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். கொடுக்கப்படும் ரத்தத்தை எச்ஐவிக்காகச் சோதிப்பது 1989இல் கட்டாயமானது. இன்று எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள்காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் உண்டு. இவ்வளவு இருந்தும் சாத்தூர் நடந்தது என்றால், மலையில் அவசரத்தில் ஒரு சோதனைக் கிட்டை மட்டும் நம்பி ஏற்றுவதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. பழங்குடிப் பெண்ணுக்கு இரண்டாந்தர ரத்தம் போதும் என்று சொல்வதாகவே அது முடியும். சாத்தூரிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறோம். சோதனையில் தொற்று தெரிந்தால் கொடையாளரை நேரில் அழைத்து, ரகசியம் காத்து, சிகிச்சையில் சேர்க்கும் வரை ரத்த மையத்தின் பொறுப்பு தீரக் கூடாது. நாங்கள் நடத்தும் முகாம்களில் கொடையாளரின் சரியான முகவரியும் கைபேசி எண்ணும் பதிவாவதை உறுதிசெய்வோம்.

ட்ரோன் பற்றியும் கேட்கிறார்கள். ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன் வழியாக ரத்தம் போகிறது. வீணாகும் பைகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) 2023 மே மாதம் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் ட்ரோனில் ரத்தப் பைகளை அனுப்பிப் பார்த்தது. கல்வராயனில் அதைச் சோதித்தால் வரவேற்போம். ஆனால் பை வந்து இறங்கும் இடத்தில் குளிர்ப்பெட்டியும் டெக்னீஷியனும் வேண்டும். முதலில் அவை வரட்டும்.

ரத்தம் தேவைப்படாமல் செய்வதும் இதே பணியின் பகுதி. ரத்தச்சோகையைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பிடித்து, மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசிவழி இரும்புச்சத்தைத் தவணை தவறாமல் கொடுத்தால் பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியே வராது. மாத்திரை பலிக்காததற்குச் சிலரிடம் வேறு காரணம் இருக்கலாம். தலசீமியா, அரிவாள் செல் போன்ற பரம்பரைக் குறைகளை இரும்பு மாத்திரை தீர்க்காது. அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது, தமிழ்நாடும் அதில் இருக்கிறது. நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்துக்கொள்கிறது. கல்வராயனில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை நடந்து, முடிவு அவர் கையில் சேர வேண்டும். பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறைகள் பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு. அங்கே சேரும் நாளிலேயே குரூப் பார்த்து, பொருந்தும் பை மலையில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம். பிரசவத்தின்போது இழக்கும் ரத்தத்தை அளவிட்ட விரிப்பில் பிடித்துக் கண்டறிந்து உடனே மருந்து கொடுக்கும் முறை, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், கடும் பாதிப்புகளை 60 சதவீதம் குறைத்தது. 2023இல் வெளிவந்த முடிவு அது. அந்த விரிப்பு விலை குறைந்த பொருள்.

மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 13.7 லட்சம். மக்கள்தொகையில் 1 சதவீத அளவு யூனிட் வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவன அளவுகோலைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,700 யூனிட், நாளொன்றுக்கு 40க்கும் குறைவு. இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு இது எட்டாத இலக்கு இல்லை. தட்டுப்பாடு வருவது, கல்லூரிகளை நம்பியே முகாம் நடத்துவதால். தேர்வும் கோடை விடுமுறையும் வந்தால் பெட்டிகள் காலியாகின்றன. தலைவர்களின் பிறந்தநாளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்து, அடுத்த மாதம் தேட வேண்டியிருக்கிறது. அமைப்புகளும் கட்சிகளும் ரசிகர் மன்றங்களும் தங்கள் முகாம் தேதியை ரத்த மையத்திடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நாங்கள் இனி அப்படித்தான் செய்வோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை முகாமில்லாத வாரம் இருக்காமல் பார்த்துக்கொள்வோம்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை மக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். 18 வயது நிறைந்து, உடல் நலமாக இருப்பவர்கள் கோடையில் ஒரு முறையாவது வாருங்கள். யாருக்கு என்று கேட்காமல் கொடுங்கள்.