சொந்த சைக்கிளுக்கு யார் பூட்டுப் போடுவது?

பணம் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் உடற்பயிற்சி சைக்கிளில் எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கா, தயாரித்த நிறுவனத்துக்கா? அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு எழுந்த சர்ச்சை ஒன்று இக்கேள்வியை மீண்டும் முன்னிறுத்தியுள்ளது.

எஷலான் நிறுவனத்தின் சைக்கிள்களை வாங்கிய பலர், அதன் சந்தா வகுப்புகளில் சேராமல், இத்தாலிய மென்பொருளாளர் ஒருவர் தனியாக உருவாக்கிய கியூஇசட் என்ற செயலியைப் பயன்படுத்தி வந்தனர். சைக்கிள் தரும் வேகம் முதலான தகவல்களை புளூடூத் வழியாகப் பெற்று, ஸ்விஃப்ட் போன்ற பிற பயிற்சிச் சேவைகளுக்குப் புரியும் வடிவில் அது மாற்றித் தரும். 2025 ஜூலையில் எஷலான் அனுப்பிய மென்பொருள் மாற்றத்துடன் இந்த வழி அடைபட்டது. சைக்கிளை இயக்கும்போதெல்லாம் அது நிறுவனத்தின் கணினியைத் தொடர்பு கொண்டு அனுமதி பெற வேண்டும் என்றும், இணையம் இல்லையேல் இயங்காது என்றும் செயலியை உருவாக்கியவர் தெரிவித்தார். நிறுவனம் ஒருநாள் மூடப்பட்டால் சைக்கிள் என்னவாகும் என்ற கவலை இதனால் எழுவது இயல்பே.

இந்தப் பூட்டைத் திறப்பவருக்கு 20,000 டாலர் பரிசு என ஃபுலு என்ற நுகர்வோர் உரிமை அமைப்பு அறிவித்தது. ஒரு பொறியாளர் அதைச் செய்து பரிசையும் பெற்றார். ஆனால் தாம் எழுதிய மென்பொருளை அவரால் வெளியிட முடியவில்லை.

தடையாக நிற்பது 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆவது பிரிவு. திரைப்படங்களும் இசையும் களவாடப்படுவதைத் தடுக்க இயற்றப்பட்ட இச்சட்டம், மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் விலக்குகளை அறிவிப்பார். நுகர்வோர் சாதனங்களைப் பழுதுபார்க்கப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2021இல் விரிவாக்கப்பட்டது. ஆயினும் பூட்டைத் திறக்கும் கருவியைப் பிறருக்குக் கொடுக்க அதில் இடமில்லை. அதாவது, சைக்கிள் உரிமையாளர் மென்பொருள் வல்லுநராகவும் இருந்தால்தான் இந்த உரிமையால் பயன் உண்டு. மற்றவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

நிறுவனங்கள் தரப்பில் பாதுகாப்பு காரணமாகக் காட்டப்படுகிறது. நோர்டிக்ட்ராக் ட்ரெட்மில்களின் திரையில் பிற செயலிகளை இயக்க உதவிய வழியை 2021இல் அடைத்த ஐஃபிட் நிறுவனம், நகரும் பாகங்கள் கொண்ட இயந்திரம் என்பதைச் சுட்டிக்காட்டியது. இதைப் புறந்தள்ள முடியாது. அதே ஆண்டில் ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பின்னர் பெலோட்டன் தனது ட்ரெட் பிளஸ் இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆனால் அடுத்து அந்நிறுவனம் கொண்டுவந்த பாதுகாப்புப் பூட்டின் விளைவாக, மாதம் சுமார் 40 டாலர் சந்தா கட்டாதவர்கள் வெறுமனே ஓடக்கூட முடியாமல் போனது. எதிர்ப்பு எழுந்ததும் மூன்று மாதக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. பாதுகாப்பு எங்கே முடிகிறது, வசூல் எங்கே தொடங்குகிறது என்பது இதில் தெளிவாக இல்லை.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. வாகனக் கொட்டகைக் கதவுக்கு வேறு நிறுவனத்தின் ரிமோட்டைப் பயன்படுத்தலாம் என்று 2004இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பதிப்புரிமை மீறலோடு தொடர்பில்லாத பூட்டுத் திறப்பு குற்றமல்ல என்பது அதன் கருத்து. 2010இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதை மட்டுமே குற்றமாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், இணைய வசதியுள்ள சாதனம் உருவாக்கும் தகவல்களைப் பெறவும், விரும்பிய பிறருக்கு வழங்கச் செய்யவும் பயனாளருக்கு உரிமை தருகிறது.

அமெரிக்காவில் தற்போதைய விலக்குகள் 2027 வரை நீடிக்கும். அப்போது நடக்கும் மறுஆய்விலும் கருவிகளைப் பகிர அனுமதிக்கும் அதிகாரம் நூலகத் தலைவருக்கு இல்லை. அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.