படத்தைக் காட்டாமலே தடுக்கலாம்

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. அவருக்குத் தெரியாமல் எடுத்த அந்தரங்கக் காணொளி இணையத்தில் பரவிக்கொண்டிருந்தது. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். ஆளை அடையாளம் காட்டுவதற்காக ஆண் காவலர்கள் முன்னால் அந்தக் காணொளியை அவரையே பார்க்க வைத்தார்கள் என்பதும் அங்கே சொல்லப்பட்டது. வழக்கு ஆவணங்களில் அந்தப் பெண்ணின் பெயர் அப்படியே கிடந்தது. அதை நீக்கவும் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

புகார் கொடுக்கப் போகும் பெண்ணைத் தயங்க வைப்பது இதுதான். யாரும் பார்க்கக் கூடாது என்று தவிக்கும் படத்தை, தடுக்கிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கக் கேட்கிறார்கள். அதனால் பலர் வாய் திறக்காமல், படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்குப் பணம் கட்டுகிறார்கள், அவன் சொல்கிற இடத்துக்குப் போகிறார்கள்.

2017-இல் பேஸ்புக்கும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு சோதனை முயற்சி நடத்தியது. பரவிவிடுமோ என்று அஞ்சும் படத்தை மெசஞ்சரில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், எங்கள் ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டுத் தடுப்பார் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. கிளம்பியது நியாயமே.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில் வந்த ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் அந்த ஊழியருக்குப் படத்தைக் காட்டும் தேவையை எடுத்துவிட்டது. பிரிட்டனின் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன் இதை நடத்துகிறது. உருவாக்கத்தில் மெட்டாவும் துணை நின்றது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதே இல்லை. போனுக்குள்ளேயே அது கறுப்பு வெள்ளையாகி, 64-க்கு 64 புள்ளி அளவுக்குச் சுருங்கி, ஒளியும் நிழலும் ஏறி இறங்கும் விதம் 256 எண்களாகக் கணக்கிடப்படுகிறது. நடு மதிப்புக்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. அந்த 256 இலக்க வரிசைதான் ஹாஷ், படத்தின் கைரேகை. அதை வைத்துப் படத்தைத் திரும்ப வரைய முடியாது. தளத்துக்குப் போவது அது மட்டுமே. அங்கிருந்து பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட், பம்பிள் போன்ற நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் எண்கள் பொருந்தும். அளவைக் குறைத்தாலும் தரத்தைக் கெடுத்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, படம் வெளிவருவதற்கு முன்பே இதைச் செய்ய முடியும் என்பது. மிரட்டல் வந்த ராத்திரியே செய்யலாம். பயமுறுத்த அவன் அனுப்பிய படமே போதும். அதனால் ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். கடன் செயலிக்காரர்கள் முகத்தை ஒட்டிப் போலியாகச் செய்த படத்துக்கும் இதே வழி உண்டு. பெயர் தர வேண்டியதில்லை. ஒரு வழக்கு எண்ணும் ரகசிய 'பின்' எண்ணும் கிடைக்கும். தொலைத்தால் மீட்க முடியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் இது தடுத்துவிடாது. அவன் கையில் இருக்கும் படத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் கைரேகை எடுக்க வழியில்லை. நிறைய வெட்டிவிட்டால் தப்பிவிடும். இதில் சேராத தளங்களில் பயனில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதையும் தடுக்காது. நம் ஊரில் பாதி அவமானம் அந்த வழியாகத்தானே நடக்கிறது! எண் பொருந்தியபின், ஏறிய படத்தை அந்தந்த நிறுவனம் பரிசீலிக்கவும் செய்யும்.

ஆனால் புதிய புதிய முகவரியில் படம் முளைக்கும்போதெல்லாம் பாதிக்கப்பட்டவரே தேடிப்பிடித்துக் கெஞ்ச வேண்டும் என்ற நிலையை இது மாற்றுகிறது. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது: ஒருமுறை நீக்கச் சொன்ன படத்துக்காக அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி வரவழைக்காதீர்கள், ஹாஷ் நுட்பத்தைப் பயன்படுத்துங்கள் என்று தேடுபொறி நிறுவனங்களிடம் கூறியது. இந்த நுட்பம் தமிழகத்தின் ஒவ்வொரு சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் முதல் நாளே சொல்லப்பட வேண்டும். அந்தரங்கப் படப் புகார்களைப் பெண் அதிகாரிகளே கையாள வேண்டும்.

உங்கள் தங்கையோ தோழியோ அழுதுகொண்டு வந்தால், 'எங்கே, காட்டு' என்று கேட்காதீர்கள். எதற்கு எடுத்தாய் என்றும் கேட்காதீர்கள். ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே இருங்கள். பதினெட்டு வயதுக்குள் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற தளம் தனியாக இருக்கிறது. 2023 முதல் அதை அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்துகிறது, காசு கிடையாது. கைரேகையைப் பதிந்து முடிந்ததும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதிவு செய்ய உடன் இருங்கள்.