பெண்கள் நோய்க்கு யார் வெட்கப்படுவது?

ஏழாயிரம்பண்ணையில் ஒரு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழர், “கர்ப்பப்பைப் புற்றுக்கு வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டே உள்ளே கரண்டு வைக்கிறார்களாமே, உடம்பு கருகிப் போகாதா?” என்று நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் வெடியும் தீப்பெட்டியும் செய்கிற ஊராருக்கு, அளவறிந்து கையாளும் நெருப்பு வேறு, அளவறியாத நெருப்பு வேறு என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்நோய்க்கு வழக்கமாக வெளியிலிருந்தும், கர்ப்பப்பைக்குள் கருவி வைத்தும் கதிர் செலுத்துகிறார்கள். அதற்குப் பிறகும் புற்று இடுப்பின் ஓரத்தில் மறுபடி தலையெடுத்தால், ஒரு சிலருக்கு மட்டும், கட்டியை அறுத்தெடுத்து, குடலை ஒதுக்கி வைத்துவிட்டு, வேர் மீந்திருக்கக்கூடிய இடத்தில் ஒரே தடவையாகக் கதிரைக் காட்டுகிறார்கள். 1905-லேயே பார்சிலோனாவில் இதைச் செய்து பார்த்தார்கள். இதனால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. சாமியை விட்டுவிட்டு யந்திரத்தைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது.

நிற்க, பெண்களை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுவது எது? மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும், புருஷனோடு சேர்ந்தபின் உதிரம் கண்டாலும், நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும், வெளியில் சொல்வது மானக்கேடு என்கிறார்கள். மாமியார் குலசாமி குற்றம் என்கிறாள். புருஷன் ஒருநாள் கூலி போகுமே என்கிறான். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிற வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் சார்ஜு மட்டும் இல்லையாம்!

இந்நோய்க்கு வித்து, ஆண் பெண் சேர்க்கையால் பரவும் பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. பெரும்பாலோருக்கு அது தானே போய்விடும். சிலரிடம் தங்கி, பல வருஷங்கள் கழித்தே புற்றாகிறது. அத்தனை வருஷ அவகாசத்தை நாம் வெட்கத்திற்குத் தின்னக் கொடுக்கிறோம்.

திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 2000-ம் வருஷம் முதல், 30 முதல் 59 வயதுள்ள பெண்களைச் சோதித்தார்கள். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை, வினிகர்தான். அதைக் கர்ப்பப்பை வாயில் தடவிச் சற்றுப் பொறுத்து நர்சு பார்த்தால், கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். அதை உறையவைத்தே போக்கிவிடலாம். 2007-ல் கணக்கு வெளியாயிற்று: சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இப்புற்றால் நேர்ந்த சாவு, மற்றக் கிராமங்களைவிட 35 சதவிகிதம் குறைவு. இது எந்தக் குலசாமி செய்த வேலை?

தோழர்களே! 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனைக்குக் காசில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, உங்கள் மனைவியை, அக்காளை நீங்களே அழைத்துப் போங்கள். நோய் கண்ட பெண் வெட்கப்பட வேண்டியதில்லை. அவளை வாய் திறக்கவிடாத ஆண்பிள்ளைகளாகிய நாம்தான் வெட்கப்பட வேண்டும்.