நீல அச்சு கற்பிக்கும் பாடம்

திறன்பேசியில் எடுத்த படத்தை நீல நிறத்திற்கு மாற்ற ஒரு நொடி போதும். அதே படத்தைக் கையால் பூசிய தாளில் நீலமாக அச்சிட வேண்டுமென்றால், அரை நாளாவது தேவைப்படும். இக்காலத்தில் மாணவர்கள் இத்தகைய பழைய முறையை ஏன் கற்க வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். பொறுமையாகச் சோதித்துப் பிழையிலிருந்து கற்கும் பழக்கத்தை இக்கலை வளர்க்கிறது. ஆகவே, ஜொகூர் பாரு போன்ற நகரங்களிலுள்ள இடைநிலைப்பள்ளிகள் இதனைப் புறப்பாட நடவடிக்கைகளுள் ஒன்றாக ஏற்பது நன்று.

‘சயனோடைப்’ எனப்படும் இந்த அச்சு முறையை 1842ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இம்முறையில் கடற்பாசிகளின் உருவங்களைப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூலாக அது போற்றப்படுகிறது. பிற்காலத்தில் பொறியியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் வரைபடங்களைப் படியெடுக்க இம்முறையையே பயன்படுத்தினர்.

இதன் செய்முறை எளியது. அம்மோனியம் இரும்பு சிட்ரேட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரு வேதிப்பொருள்களைத் தனித்தனியே நீரில் கரைத்து, பின்னர் ஒன்றாகக் கலக்க வேண்டும். அக்கலவையை மங்கிய ஒளியில் தாளில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மீது ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், ஒளி பட்ட இடங்களில் மாற்றம் நிகழும். பின்னர் நீரில் அலசினால், இலை மறைத்த இடம் வெண்மையாகும். ஏனைய இடம் நீலமாகும். ஓவியர்கள் 18ஆம் நூற்றாண்டு முதல் பயன்படுத்தி வரும் ‘பிரஷ்யன் நீலம்’ இதுதான்.

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே அமைந்துள்ள ஜொகூர் பாருவில், ஆண்டு முழுவதும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், காற்றிலுள்ள ஈரப்பதத்தால் பூசிய தாள் விரைவில் உலராது. ஈரம் போகாத தாளில் படம் தெளிவாக விழாது. திடீரென மேகம் சூழ்ந்தால் நேரக் கணக்கும் மாறிவிடும். எனவே, புத்தகத்தில் உள்ள அளவை அப்படியே பின்பற்றினால் போதாது. தங்கள் ஊரின் வெயிலையும் காற்றையும் மாணவர்களே கவனித்து அறிய வேண்டும்.

அச்சு உலர்ந்த பிறகும் சோதனை தொடரலாம். நீல அச்சைக் கடுந்தேநீரில் ஊறவைத்தால், தேநீரிலுள்ள தானின் இரும்புடன் சேர்ந்து நீலத்தைக் கருமையாக்கும். வெண்பகுதி சற்றுப் பழுப்பேறும். வெள்ளி உப்பைக் கொண்டு அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்திற்கும் நீலமேற்றலாம். இரும்பு உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த கரைசலில் அதனை இட்டால், வெள்ளி இருந்த இடங்களில் நீலம் படியும்.

இத்தகைய சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே மாதிரியான நான்கு அச்சுகளுள் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் ஒரே தேநீரில் 10, 20, 40 நிமிடங்கள் ஊறவைத்தால், காலத்தின் விளைவு கண்கூடாகத் தெரியும். தேநீரின் அளவையும் சேர்த்து மாற்றினால், நிறம் மாறியதற்கான காரணம் விளங்காது. ஒவ்வோர் அச்சின் பின்புறத்திலும் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்தால், கெட்டுப்போன அச்சும் ஆசிரியராகிவிடும். திறன்பேசியில் பிடிக்காத படம் அழிக்கப்படுகிறது. அதனுடன் பிழையின் காரணமும் மறைந்துவிடுகிறது.

ஃபெரிசயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. இப்பொருளில் சயனைடு இரும்புடன் இறுகப் பிணைந்திருப்பதால் அதன் நச்சுத்தன்மை குறைவு. எனினும், கடும் அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படக்கூடும். ஆகவே, அறிவியல் கூடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறை அணிந்தே இதனைச் செய்ய வேண்டும். தேநீர் ஊற்றிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆபத்தை அறிந்து முறையாகக் கையாள்வதும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவு செய்தது போல, ஜொகூர் மாணவர்களும் பள்ளி வளாகத்தில் உதிர்ந்து கிடக்கும் இலைகளையும் செம்பருத்தி மலர்களையும் பதிவு செய்து ஒரு தொகுப்பாக்கலாம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பக்கமும் இப்பழமொழிக்குச் சான்றாக விளங்கும்.